பாங்கு நேரத்தில் முறிந்த ஊசி

மருதமுனை
20.02.1997

அன்பு மகன் பஸாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி றுக்ஸானாவும் சுகம், கட்டாரில் நீயும் அப்படியே இருக்கத் துஆச் செய்கிறோம். உன் பெருநாள் வாழ்த்துக் காட் பெருநாள் முடிந்து பத்தாம் நாள்தான் வந்து சேர்ந்தது, உம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா. என் கடைவாய்ப் பல்லைப் பற்றி ஆதம்பாவா மாமா உனக்கு ஏதோ எழுதினாராம். அதை நம்பாதே, நடந்ததை நான் சொல்கிறேன்.

நோன்பு இருபதில் வலி தாங்காமல் கல்முனையில் நல்லரெத்தினம் டொக்டரிடம் போனேன். வேருக்குள் இருக்கிற நரம்பை எடுத்தால் பல்லைக் காப்பாற்றலாம், நாளைக்கு நோன்பு திறந்துவிட்டு வாருங்கள் என்றார். இரவுத் தறாவீஹ் தொழுகை தவறிவிடும் என்று அடம்பிடித்து, மறுநாள் பின்னேரம் அஸர் தொழுத கையோடு போய்ப் படுத்தேன். வேலை இழுபட்டது. முடி போன்ற ஊசியை வேருக்குள் விட்டு அவர் திருகிக்கொண்டிருக்க, பள்ளியில் நோன்பு திறக்கிற பாங்கு கேட்டது. நாற்பது வருடப் பழக்கம் மகன், கை சட்டைப் பையிலிருந்த பேரீச்சம்பழத்துக்குப் போனது, வாய் தானாக மூடிக்கொண்டது. டிக்கென்று ஒரு சத்தம்.

டொக்டர் ஒளிக்கவில்லை. எக்ஸ்றே எடுத்து, ஊசி நுனி வேரின் அடியில் நிற்பதைக் காட்டினார். தோண்டப் போனால் வேர் வெடிக்கலாம், சுத்தம் செய்து மேலே அடைத்துவிட்டால் பெரும்பாலும் சும்மா கிடக்கும், பெருநாள் கழித்து ஒருமுறையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்போம், பிழை என்னுடையது என்றார். கடித்தது நான்தான் என்று நான் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் டொக்டர் ஊசியை முறித்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். உன் மாமாவுக்கு அது போதாதா, மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டு வந்து, கையெழுத்து வையுங்க மச்சான் என்று நின்றார். பேனையை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். டொக்டர் உன் வயதுப் பிள்ளை, என் பொய்யால் அவன் வேலை போகலாமா?

நேற்றுப் பல்லைக் காட்டப் போனபோது, நாற்காலியில் ஏறுமுன்பே, முறித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சுட்டுவிரலை நீட்டினார். நகம் இன்னும் கறுத்துக் கிடந்தது. "ஓம் காக்கா, எனக்கு அண்டைக்கே தெரியும். பாங்கு நேரம் பாக்காம ஊசி வெச்சது நான்தானே" என்றார். விரலையும் சேர்த்துக் கடித்திருக்கிறேன் மகன், அந்த மனிசன் ஒரு சொல் சொல்லவில்லை. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிப் போனது.

மாமாவுக்கு இப்போது கோபம் என்னில்தான், அழகாக எழுதிய கடிதம் வீணாகிப் போனதாம். உனக்குப் பல்லில் சின்ன வலி என்றாலும் உடனே காட்டு, நோன்பு திறக்கிற நேரத்தில் மட்டும் போகாதே. அல்லாஹ் உன்னைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாப்பானாக. டொக்டருக்கும் துஆச் செய், அந்த நகம் வளரும் வரைக்குமாவது.

உன் வாப்பா
ஸைனுலாப்தீன்