எக்ஸ்ரே அறைக்கு வெளியே

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் பாப்பாவும் நலமா என்று கேட்க வாய் வரவில்லை. பிள்ளை மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு அதென்ன நலம்? நீங்கள் போனில் அனுப்பிய எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்ன விரிசல்தான், எலும்பு விலகவில்லை. ஆனால் படம் லேசாகக் கலங்கியிருக்கிறது. எடுக்கும்போது பயத்தில் அசைந்திருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன். சான்றிதழ் அலுவலகத்துக்கு நேற்றும் போனேன். நம் மாநிலத்தில் நான் வாங்கிய எக்ஸ்ரே சான்றிதழ் இங்கே செல்லாது, புதிதாக வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குக் கடைசி இரண்டு வருடத்தில் எக்ஸ்ரே எடுத்த அனுபவம் காட்ட வேண்டுமாம். விண்ணப்பித்தபோது இருந்தது. விண்ணப்பம் அவர்கள் மேசையில் தூங்கிய தூக்கத்தில் அந்த இரண்டு வருடக் கெடு தாண்டிவிட்டது. இப்ப எடுத்த படம் ஏதாவது இருக்காம்மா என்று கேட்கிறார் அதிகாரி. சான்றிதழ் இல்லாமல் எடுத்தால் குற்றமாச்சே சார் என்றேன். ஆமாமா, எடுக்கவே கூடாது என்று தலையாட்டுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருத்துவமனையில் அதே எடுபிடி வேலைதான். நோயாளிக்கு அங்கியை மாட்டி, வளையல், சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, எக்ஸ்ரே அறை வாசலில் விட வேண்டும். கதவு மூடினால் நான் வெளியே. உள்ளே மூச்சை இழுத்துப் பிடிங்க என்று குரல் கேட்டதும் என் மூச்சும் தானாக நின்றுவிடுகிறது. கூட வேலை செய்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஒரே கேலி.

மறுபடி ஒரு வருடம் பயிற்சி மாணவியாகச் சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்குமாம். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இது கை, இது கால் என்று படிக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். சேர்ந்துவிடுகிறேன். நீங்கள் இருவரும் இங்கே வர இன்னும் ஒரு வருடம் ஆகும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதவே கை கூசுகிறது.

மாவுக்கட்டைப் பிரித்ததும் மறுபடி படம் எடுப்பார்கள். கதவருகே நின்று, மூச்சை இழுத்துப் பிடி தங்கம் என்று சத்தமாகச் சொல்லுங்கள். கையைப் படம் எடுக்க அது தேவையே இல்லை. ஆனால் வீட்டில் விளையாட்டுக்கு நான் அப்படிச் சொன்னால் ஆடாமல் நிற்பாள்.

பாப்பாவுக்குக் கை பழையபடி ஆகட்டும். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மாதக் கடைசிவரை போனில் எது வேண்டுமானாலும் பேசுங்கள், வந்துடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கிளம்பிவிடுவேன்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா