கல் என்று ஒரு சொல்

கோல் மார்க்கெட், புது தில்லி
20.5.1998, புதன்

அன்புள்ள பள்ளித் தோழனுக்கு,

ஓய்வுபெற்றபின் நீ முன்பு வேலை பார்த்த லான்ஸ்டவுனிலேயே குடியேறிவிட்டதாக அறிந்தேன். வெள்ளைக்காரர் பெயர் சூட்டுமுன் அது காலுடாண்டா, கறுப்பு மலை, என்று முன்பு எழுதியிருந்தாய்.

நீ மாற்றலாகிப் புறப்படுமுன் உன்னைப் பார்க்க 7.6.1971 அன்று அங்கே வந்தேன். ஒரு நாள் தாமதம். பஸ் நிலையத் தேநீர்க்கடையில் விசாரித்தேன். "மதராஸி பாபுவா? கல்" என்றார் கடைக்காரர். தில்லிக்கு வந்து நான்கே மாதமான நான் அதை நாளை என்று எடுத்துக்கொண்டு, சிப்பாய்களின் அணிவகுப்பையும் மூடுபனியையும் பார்த்தபடி இரண்டு நாள் காத்திருந்தேன். பிறகு அவர் சிரித்தார். "அரே பாபுஜி, வோ தோ சலே கயே." நீ போய்விட்டாயாம். நேற்றுக்கும் ஹிந்தியில் அதே சொல்தான்.

என் பிழையை மறைத்து, நீ காத்திராமல் போனதாக 12.6.1971 அன்று உனக்குக் கடுமையாக எழுதினேன். நீ பதில் எழுதாதது நியாயமே.

மனைவி மறைந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மகனுக்கு நேரமில்லை, பேரன்களுக்குத் தமிழ் வராது.

14.6.1998, ஞாயிறு, காலை பத்து மணிக்கு அதே கடையில் இருப்பேன். என்னைப் பார்க்க விருப்பமில்லையெனில் கடைக்காரரிடம் சொல்லிவை. "கல்" என்று மட்டும் சொல்லச் சொல்லாதே. நான் மறுபடியும் நாளை என்றே நம்பிக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு நாள் பிந்தி வந்தவன்