முதல் தடவை வேண்டாம் என்பது

அன்புள்ள ஓர்லா,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டொரான்டோவில் பனி விலகியதா? ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவைப் பற்றி நீ கேட்டதும் "கிராண்டா இருக்கார்" என்றேன். அவருடைய இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாட்டுக் கொட்டகை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்பதைச் சொல்லவில்லை. அவரும் பக்கத்தில் நின்று, சரியாகச் சொன்னாய் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நல்லாயிருக்கு, பரவாயில்லை, போதும் என்பதற்கெல்லாம் நம் ஊரில் கிராண்ட்தான், அந்த ஒரு சொல்லை வைத்தே இந்த வீட்டில் எவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறோம். சுவரிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த அன்று, "நான் கிராண்ட்" என்று சொல்லிவிட்டுத்தான் நீ மயங்கினாய். தூறல் மட்டும் விழுகிற நாளும் நமக்குக் கிராண்ட்தான், ஆறிப்போன சூப்பும் கிராண்ட்தான். நடன அரங்கின் வாசலில் நனைந்துகொண்டே, கல்யாணம் பண்ணிக்கலாமா என்று நான்தான் கேட்டேன். உன் அப்பா தன் சைக்கிளைப் பார்த்தபடி "அது கிராண்டா இருக்கும்" என்றார். அதைவிடப் பெரிய வார்த்தை அவரிடம் இல்லை, இப்போது எழுதும்போதும் எனக்கு முகம் சூடாகிறது. அங்கே உன் சிநேகிதி இன்னும் காபி வேண்டுமா என்றபோது போதும் என்ற அர்த்தத்தில் நீ அதையே சொல்ல, அவள் வேண்டும் என்று நினைத்துக் கோப்பை வழிய ஊற்றினாளாமே, அதை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

செவ்வாயன்று நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். போர்ச்சுகலிலிருந்து வந்திருக்கும் இளம் டாக்டர், நல்ல பெண், ஆபரேஷனுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். யார் எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்பதுதானே நம் மரியாதை, மறுபடி கேட்பார்கள், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வோம். அப்பாவும் அப்படியே, "ஐயோ, உனக்கு எதுக்கும்மா சிரமம், நான் கிராண்ட்" என்றார். அவள் உங்கள் விருப்பம் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். கார் வரை வந்தவர் கதவைத் திறக்காமல் நின்றார். "இன்னொரு தடவ கேப்பான்னு நெனச்சேன், நோரீன்" என்றார். "ஆபரேஷன் என்ன கேக்குத் துண்டா மனுஷா, மூணு தடவ நீட்ட!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன். அவருக்கு அது வேண்டும், அவர் பயந்துபோயிருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பற்றி வெளியாளிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

நீ அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுது, உடம்பைப் பற்றி வேண்டாம், கன்றுகளைப் பற்றிக் கேள். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
நோரீன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்குமுன் ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. நேற்று எழுந்து ஜன்னல் வரை நடந்தார்.