வாயில் இருப்பதைக் கொடுக்கக் கூடாது

திங்கட்கிழமை
அலுவலக அறை

தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலம்தான் என்று படகோட்டி சொன்னார், அதனால் கேட்கவில்லை. கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எதிரே வந்தால் கம்ப்ரஸர் அறைக்குள் புகுந்துகொள்கிறாய். வராந்தாவைத் தாண்டி இருக்கும் தம்பிக்குக் கடிதம் எழுதும் அக்கா உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொற்று இன்னும் ஓயவில்லை. இருந்தும் அடுத்த வாரம் விடுதியைத் திறக்க அனுமதி கிடைத்துவிட்டது. விதிகளைக் கதவில் ஒட்டியிருக்கிறேன், நீ பார்த்தும் பாராததுபோல் போகிறாய். அதனால் இங்கேயும் எழுதுகிறேன். நீ முக்குளிக்கக் கூட்டிப்போகிற விருந்தாளி ஒருவருக்குக் கடலுக்கடியில் காற்று நின்றுபோனால், நீ மூச்சுவிட வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிக் கொடுக்கக் கூடாது. யார் வாயும் படாத இன்னொன்று மஞ்சள் குழாயில் நெஞ்சோடு தொங்க வேண்டும், அதைத்தான் கொடுக்க வேண்டும். ஒருவர் கருவியை இன்னொருவர் தொடவே கூடாது. உன் நீளக் குழாய் செட் படகில் ஏறக் கூடாது. ஏறினால் நீ இறங்கிக்கொள்.

அக்கா


செவ்வாய்க்கிழமை
கம்ப்ரஸர் அறை

அக்காவுக்கு,

முதலாளியம்மாவுக்கு என்றுதான் முதலில் எழுதினேன். பேனா கேட்கவில்லை.

நான் கடித்துக்கொண்டிருப்பது நீளக் குழாயில் இருப்பதே கழற்றிக் கொடுப்பதற்குத்தான். எனக்கான இன்னொன்று கழுத்தில் கிடக்கிறது. காற்றில்லாதவன் மஞ்சளா கறுப்பா என்று நிறம் பார்க்கமாட்டான். எதிரே இருப்பவன் வாயிலிருந்து குமிழி வருகிறதா, அதைப் பிடுங்குவான். அவன் பிடுங்குவதற்குமுன் நானே கொடுத்துவிடுகிறேன், அவ்வளவுதான் என் வித்தை. உன் விதியை எழுதிய மகானை ஒரு வாளித் தண்ணீருக்குள்ளாவது தலையை விட்டுப் பார்க்கச் சொல்.

தொடக்கூடாதாம். குதிப்பதற்குமுன் ஒருவர் வால்வை ஒருவர் திருகிப் பார்த்ததெல்லாம் பொழுது போகாமல் செய்ததா?

தம்பி


புதன்கிழமை

தம்பிக்கு,

உன் வாளிச் சமாசாரத்தைப் படகோட்டியிடம் படித்துக் காட்டினாயாம். நான் கேட்டதற்கு, "சிரிக்கலம்மா, இருமினேன்" என்று சமாளிக்கிறார். இந்தக் காலத்தில் அது அதைவிட மோசம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

உன் அத்தான் இந்தக் காய்ச்சலில்தான் போனார். அவர் மூச்சுக்குத் தவித்ததைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நான். நீ வரவில்லை. வழியெல்லாம் அடைத்திருந்தது என்றாய், சரி. போனை யார் அடைத்தது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது, மறைக்கவில்லை. ஒருவர் எச்சிலும் மூச்சும் இன்னொருவர் வாய்க்குள் போவது என் விடுதியில் நடக்காது.

ஞாயிறு காலை நானே உன்னோடு இறங்குகிறேன். மஞ்சள் குழாயை மாட்டி வை. மாட்டவில்லை என்றால் அன்றைக்கே உன் கணக்கு முடிந்தது.

அக்கா


திங்கட்கிழமை

அக்காவுக்கு,

நேற்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாயாம். சந்தோஷம். இனி நான் சொல்வதைத் தெம்பாகக் கேட்கலாம்.

நீ சொன்னபடியே மஞ்சள் குழாயை மாட்டிக்கொண்டு கடைப் பொம்மை மாதிரி வந்தேன். உன் சிலிண்டரை நான் தொடவில்லை, விதியாயிற்றே. நீ வால்வைக் கொஞ்சம்தான் திறந்திருந்தாய். படகில் இருக்கும்போது அது தெரியாது, மூச்சு சுகமாக வரும். ஆழம் போனால்தான் காற்று போதாது. பாறைக்குப் பக்கத்தில் உன் கண் விரிந்ததைப் பார்த்தேன். மஞ்சளை நீட்டினேன். நீ அதைத் தட்டிவிட்டு என் வாயிலிருந்து பிடுங்கினாய், உதடு கிழிந்தது. தட்டிவிட்ட மஞ்சளைத் தேடிப் பிடித்து நான் கடித்துக்கொண்டேன். குழாய் குட்டை என்பதால் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு மேலே வந்தோம். நாம் பேசிக்கொள்ளாமல் போன பிறகு அவ்வளவு கிட்டத்தில் உன்னைப் பார்த்தது அப்போதுதான்.

படகில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கதவில் இருக்கும் காகிதத்தை நீயே கிழிக்க வேண்டும், எல்லார் முன்னாலும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

தம்பி


செவ்வாய்க்கிழமை

தம்பிக்கு,

கிழித்துவிட்டேன். சமையல்காரர், படகோட்டி, துணி துவைக்கிற அம்மா எல்லாரும் நின்றிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வேண்டிய நீதான் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாய். நீளக் குழாய் இனிமேல் படகில் ஏறலாம். கையைக் கழுவிக்கொண்டு ஒருவர் வால்வை ஒருவர் திருகிப் பார்க்கட்டும். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதினேன், ஆனாலும் எழுதிவிட்டேன்.

இப்போது நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். மஞ்சளை வலக்கையால் நீட்டினாய். இடக்கை எங்கே இருந்தது? உன் வாய்மேல். கடித்துக்கொண்டிருந்ததை அழுத்திப் பிடித்திருந்தாய். நான் எடுத்த உடனே பிடுங்கவில்லை. முதலில் உன் கையைத் தட்டினேன். அப்புறம் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். நீ தலையை ஆட்டி மஞ்சளைக் காட்டினாய். அதற்குமேல்தான் உன் விரலை நெம்பினேன். உதடு கிழிந்தது அதனால்தான்.

காற்றில்லாதவன் நிறம் பார்க்கமாட்டான் என்று உனக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் கேட்பதற்குமுன் கொடுத்தவன், என்னிடம் மட்டும் என் விதியையே பேசினாய். கண்ணாடிக்குள் உன் கண்ணைப் பார்த்தேன். பயமில்லை. "இப்பத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும், நீ விளையாட்டுக்குக்கூடச் செய்திருக்கலாம். நான் செத்துக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லமாட்டேன். வேறு விடுதியிலிருந்து கேட்டால் உன்னைப்போல் ஆள் கிடைக்கமாட்டான் என்றுதான் சொல்வேன். விருந்தாளிகள் விஷயத்தில் அது பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை படகு கரைக்குப் போகிறது. உன் சாமான்களோடு அதில் ஏறிக்கொள். நான் வழியனுப்ப வரமாட்டேன்.

அக்கா