விரலை எடுத்தால் நிற்கும்

அண்ணி,

இன்று காலை வீட்டில் உங்கள் வாசனை அடித்தது. வேறு யாராவது இதைப் படித்தால் மல்லிகைப் பூவையோ பவுடரையோ நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது கருகிய ரப்பர் நாற்றத்தை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியிலிருந்து வந்து நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அது உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, சோறு போட்ற நாத்தம் இது, பயகிக்கோ" என்றீர்கள். எனக்கு நாத்தனாராக நீங்கள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பழைய வேக்குவம் கிளீனரை எடுத்துப் போக இன்று ஆள் வருகிறது. கடைசியாக ஒருமுறை துடைத்து வைக்கலாமே என்று மூடியைத் திறந்தேன். மோட்டார் எரிந்து சில வாரங்கள் ஆகியும் அந்த நாற்றம் அப்படியே உள்ளே இருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு இங்கே நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்களைத் தவிர வேறு யாருக்கும் இது சரியாகப் புரியாது.

அந்த மெஷின் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், அப்போது வார்ப்படக் கம்பெனியில் மணல் அச்சு போடும் வேலையில் இருந்தார். நெஞ்சில் தூசி இறங்கிவிட்டது என்று டாக்டர் முதன்முதலாகச் சொன்ன வருடம் அது. துடைப்பம் இருக்கிற தூசியையும் கிளப்பிவிடும், உறிஞ்சுகிற மெஷின் வாங்குங்கள் என்றார். இவரும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கொண்டு வந்தார். அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் வேக்குவம். சுவிட்சைப் போட்டதும் நீங்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அய்ய, ஊட்டுக்குள்ள பிளேன் எறங்கிச்சா?" என்று கத்தினீர்கள். அது எங்களுக்குக் கேட்கவில்லை. மெஷினை அணைத்த பிறகு நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாளே உங்கள் உத்தியோகம் ஆரம்பமாகிவிட்டது. நான் குழாயைப் பிடித்தால் போதும், சுவிட்ச் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். நடுநடுவே டக்கென்று அணைப்பீர்கள். சோபாவுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நான் கிடப்பேன், கையிலிருக்கிற குழாய் செத்துப் போகும். வீடே கப்சிப். நீங்கள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாசல், அடுப்படி, உள்ரூம் என்று ஒவ்வொரு பக்கமாகக் காது கொடுப்பீர்கள். அப்புறம் உள்ரூமைப் பார்த்து ஒரு குரல்.

"தம்பீ, கீறியா?"

நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற மனுஷன். மெஷின் சத்தத்தில்கூடத் தூங்கியவர் உங்கள் சத்தத்தில் எழுந்து, "கீறேன்க்கா! தூங்க உடு!" என்று கத்துவார். "கீறான். நீ ஓட்டு" என்று மறுபடி சுவிட்சைப் போடுவீர்கள். இருக்கிறாரா என்று ஒரு கேள்வி. எங்கே போகப் போகிறார், லுங்கியைக் கட்டிக்கொண்டு? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒரு ஹாலைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் ஒரு பூஜையே முடிந்துவிடும்.

ஒருநாள் வெடித்துவிட்டேன். நம் மகளைப் பெண் பார்க்க வேலப்பன்சாவடியிலிருந்து வருவதாக இருந்த நாள். மணி ஆகிக்கொண்டிருந்தது, நீங்கள் வழக்கம்போல அணைத்தீர்கள். "ஒரு வேலையை உருப்படியா செய்ய விடமாட்டீங்களா? சத்தம் புடிக்கலைன்னா பக்கத்து வீட்ல போய் உக்காருங்களேன் அண்ணி" என்றேன். நீங்கள் பதிலுக்கு ஏறுவீர்கள் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நீங்களோ கையைச் சுவிட்சிலிருந்து எடுக்காமலே சொன்னீர்கள்.

"எங்க கம்பெனில பக்கத்து பிரஸ் மெஷின்ல ஒருத்திக்கு கை மாட்டிகிச்சிமே. கத்தறா. நான் இந்தாண்ட நின்னுகினு கீறேன். மெஷின் போடற சத்தத்துல ஒண்ணும் கேக்கல. வாய் அசையறது மட்டும் தெரிது. பாட்டு பாடறானு நெனச்சிகினேன். நானும் தலைய ஆட்டிகினு கீறேன், தாளத்துக்கு."

சுவிட்சைப் போட்டு, "ஓட்டு, ஆளுங்க வந்துடுவாங்க" என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள் அணைத்தால் நான் வாயைத் திறந்ததில்லை. எரிச்சல் மட்டும் முழுசாகப் போகவில்லை. இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு உங்கள் தம்பியின் மூச்சு மோசமாகிவிட்டது. இப்போது மூக்கில் எந்நேரமும் குழாய். ஆக்சிஜன் மெஷினை அவருடைய ரூமிலேயே வைத்தால் சூடும் உறுமலும் தூங்க விடவில்லை. அதனால் ஹாலின் மூலையில் வைத்திருக்கிறேன். அங்கிருந்து நீளமான குழாய் தரையோடு ஓடி, கதவிடுக்கில் நுழைந்து அவருடைய கட்டில் வரை போகிறது. நடக்கும்போது அதை மிதிக்காமல் தாண்டுவதற்குக் கால் தானாகவே பழகிவிட்டது. இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தைக்கு நின்று மூச்சு வாங்குகிறார். குரல் கட்டிலைத் தாண்டாது. வேண்டுமானால் கட்டில் சட்டத்தில் கையால் தட்டுவார்.

இந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் மாலைக்குள் டீவி மேல் பெயர் எழுதலாம், அத்தனை தூசி. ஒவ்வொரு லாரி போகும்போதும் உள்ளே இருமல் கேட்கும். அப்போதுதான் பழைய வேக்குவம் புகையோடு கண்ணை மூடியது. ஈரத்துணி போட்டுத் துடைத்தேன். அடுத்த லாரி வந்தது. "தூசி கொறையலன்னா அட்மிட் பண்ணவேண்டி வரும்மா" என்று டாக்டர் சொன்னார். அட்மிட் என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்கள் தம்பி என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார். உங்களை அட்மிட் செய்த இடம்தானே அது.

ஓசூரிலிருந்து மகள் போனில், "ரோபோ வேக்குவம் வாங்கும்மா, அதுவே ஊர்ந்து போய் சுத்தம் பண்ணும். நீ அப்பாகூட உக்காரலாம்" என்றாள். நல்ல யோசனைதான். தரையில் கிடக்கிற குழாயை நினைத்தேன். அந்த ரோபோவுக்கு அது அப்பாவின் மூச்சு என்று எப்படித் தெரியும்? வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டால்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெண்ணை இவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் உறிஞ்சும் சக்தி, ஃபில்டர், வாரண்டி என்று அடுக்கினார். நான் கேட்டது ஒரே கேள்விதான். "இது ஓடறப்போ உள்ரூம்ல ஒருத்தர் கட்டிலைத் தட்டினா கேக்குமா?" அவர் சிரித்துவிட்டார். அட்டையில் டெசிபல் எண்ணைக் காட்டினார். எண்ணை வைத்து நான் என்ன செய்வது, அண்ணி? ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொல்லி, பக்கத்து மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். எல்லாமே பிளேன்தான். கடையில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மூலையில் ஒயரில்லாத, சார்ஜ் போடுகிற மெஷின் ஒன்று கிடந்தது. "அத யாரும் எடுக்கறதில்லமா. இந்த பட்டனை அமுக்கிகினே இருக்கணும், வெரல எடுத்தா நின்னுடும். லாக்கு கெடையாது. கை வலிக்கும்" என்றார். நானும் வைத்துவிட்டேன். கடைசியில் ஒரு பெரிய மாடலைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வந்து ஓட்டிக் காட்டட்டும், பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

மறுநாள் டெமோ காட்ட ஒருவர் வந்தார். டை கட்டி, வியர்த்து வழிந்துகொண்டு. பாவம், வெயிலில் வந்திருக்கிறாரே என்று மோர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தொண்டை நனைய ஏதாவது கொடுப்பதுதானே நம் வழக்கம். உப்பு போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும்போதே ஹாலில் மெஷின் அலறத் தொடங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது அவர் சோபாவை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நடுவே ஒரு வெள்ளைத் துணியை வைத்து, அதில் ஒட்டிய தூசியைத் தூக்கிக் காட்டினார். சாம்பல் நிறத்தில், பொடிப் பொடியாக. நான் தினமும் ஈரத்துணியால் துடைத்த சோபா அது. இதையெல்லாம்தானே இந்த மனுஷன் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தார் என்று அப்படியே பார்த்து நின்றேன். மெத்தையைக் காட்டச் சொன்னேன், திரைச்சீலையைக் காட்டச் சொன்னேன். அவரும் உற்சாகமாகி ஒவ்வொன்றாக உறிஞ்சினார். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது.

அப்போது என் கண் சுவிட்ச் போர்டு பக்கம் போனது. உங்கள் ஸ்டூல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, அதன் மேல் செய்தித்தாள் அடுக்கியிருக்கிறேன். அந்த இடம் காலியாக இருப்பது சங்கடமாக இருந்தது. எதையும் சந்தேகப்பட்டு அல்ல, சத்தியமாக. "கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. நானே போய் மெஷின் மேலிருந்த பட்டனை அணைத்தேன்.

கீச், கீச் என்று ஒரு சத்தம். கரண்ட் போனால் ஆக்சிஜன் மெஷின் போடுகிற சத்தம்.

டெமோ காட்ட வந்தவர் தன் மெஷினுக்கு ஒயர் எட்டவில்லை என்று, மூலையில் இருந்த ஆக்சிஜன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகியிருக்கிறார். ஏர்கூலர் என்று நினைத்தாராம். மறுபடி சொருகிவிட்டு உள்ளே ஓடினேன். உங்கள் தம்பி கட்டிலில் குந்தி உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. ஒரு கை கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லை. பாட்டு பாடுகிறவர் மாதிரி, அண்ணி. நீங்கள் சொன்னது அப்படியே என் கண் முன்னால் இருந்தது.

முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். குழாயில் காற்று வர ஆரம்பித்ததும் தோள் மேலும் கீழுமாகத் தூக்கிப் போட்டது. கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது. வாசல்படியில் அந்த மனிதர் நின்று, "யூபிஎஸ் கத்துதுனு நெனச்சேன்கா, தெரியாம பண்ணிட்டேன்கா" என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. "கெளம்புங்க" என்று மட்டும் சொன்னேன். மோர் அப்படியே மேசை மேல் இருந்தது.

உங்கள் தம்பிக்குப் பேச்சு வந்ததும், நின்று நின்று சொன்னார். "சத்தம் நின்னுச்சா... அக்கா தான்... அணைச்சிட்டானு... நெனச்சேன்."

அப்போதுதான் அழுதேன். நீங்கள் போன அன்றுகூட, இவருக்கு மூச்சு முட்டிவிடுமே என்று அழாமல் இருந்தவள் நான்.

மறுவாரம் அதே கடைக்குப் போய், யாரும் எடுக்காத அந்த மெஷினை வாங்கி வந்தேன். விற்பனையாளர் இரண்டு தடவை கேட்டார், "கை வலிக்கும்மா, யோசிச்சிக்கோங்க" என்று. யோசித்துத்தான் வந்தேன் என்றேன். இதற்கு ஒயர் கிடையாது, அதனால் யாரும் எந்தப் பிளக்கையும் பிடுங்க வேண்டாம். இருந்தாலும் ஆக்சிஜன் பிளக்கைச் சுற்றி டேப் போட்டு இறுக்கி ஒட்டிவிட்டேன். ஒரே மூச்சில் நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போக இந்த மெஷின் விடாது. ஹால் முடிவதற்குள் விரல் நோக ஆரம்பித்துவிடும், எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் நிற்கும். நின்றால் வீடு காதில் விழும்.

உங்கள் ஸ்டூலில் இருந்த செய்தித்தாளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டேன். விரல் வலிக்கும்போது அதில்தான் உட்காருகிறேன். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வாசல், அடுப்படி, உள்ரூம் என்று காது கொடுக்கிறேன். மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அத்தை மாதிரியே உக்காந்திருக்க" என்று சிரித்தாள்.

சற்று முன்கூட அப்படித்தான் விரலை எடுத்தேன். மூலையில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு லாரி போய் அடங்கியது. நான் எதுவும் கேட்கவில்லை, அண்ணி. உங்களைப்போல் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உள்ரூமிலிருந்து, மூச்சு வாங்கி வாங்கி, அவரே குரல் கொடுத்தார்.

"கீறேன்மே... நீ ஓட்டு."