இந்த வருஷத்துப் பூளைப்பூ

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. நாக்பூர் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி திரிஷாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க நம் குலசாமி துணை இருக்கட்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்பால் நலம், மற்றது உனக்குத் தெரியும். போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைக்காதே, போனில் சொல்லப் போனால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதோடு இந்தக் கவரில் ஒரு பொருளும் வருகிறது.

வைகாசியில் உன் தம்பி ஈஸ்வரபாண்டி பைபாஸில் பைக்கோடு விழுந்து நம்மை விட்டுப் போனதிலிருந்து உன் அம்மா ஒரு சொட்டு அழவில்லை, வாசலைத் தாண்டவும் இல்லை. உத்தமபாளையம் டாக்டர் கொஞ்சம் நடங்கம்மா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், சுவரிடம் சொன்ன மாதிரிதான். இன்று போகி. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, கரட்டுப் பக்கம் போயிட்டு வருவமா என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, மனசு மாறுவதற்குள் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டேன். தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைனாகுலரை மாட்டிக்கொண்டு நம்மை இழுத்துப் போவானே, குன்றில் ஏறும் அதே பாதை. இந்த வருஷம் மழை நல்ல மழை, கரடே பச்சையாகக் கிடக்கிறது. கள்ளி மேல் கோவைப்பழம் செக்கச்செவேலென்று தொங்குகிறது, சூரைப்பழம் பறித்துத் தின்றதில் என் கையெல்லாம் முள். நான் வழக்கம்போல வளவளவென்று பேசிக்கொண்டே போனேன், உன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து, சத்தம் போடாம வாங்க, அங்கன கௌதாரி நிக்கிது குஞ்சோட என்றாள். அவன் சொல்லும் அதே ரகசியக் குரல் ஆத்தா. கடைசிக் குஞ்சு கல் தடுக்கி உருண்டு எழுந்து ஓடியதைப் பார்த்துச் சிரித்தே விட்டாள்.

இறங்கும்போது பூளைச்செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. வருஷா வருஷம் போகியன்று வாசல் நிலையில் காப்புக் கட்டப் பறிப்போமே, அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. பூளை, ஆவாரம்பூ, கீழே வந்து வேப்பங்கொத்து, எல்லாம் ஒடித்துச் சேலைத் தலைப்பில் போட்டுக்கொண்டாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை காப்பும் இல்லை, பொங்கலும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா. எனக்கு வாய்வரை வந்தது, சிரித்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து கொத்தை நூலால் கட்டி நிலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தவள், உள்ளே திரும்பி, ஏலே ஈஸ்வரா, இதை வந்து சொருகுடா, எனக்கு எட்டல என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்து அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு முனீஸ்வரி கோலமாவைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அழட்டும் விடும்மா என்று அவளிடம் சொன்னேன், சொல்லிவிட்டு நானும் அழுதேன். அந்த நிலைக்கு எட்டுகிற கை இந்த வீட்டில் இனி ஏது மாரீஸ்வரி.

அழுது ஓய்ந்ததும் கொத்தை என்னிடம் கொடுத்து, தூரப் போட்டுறாதீக, மகளுக்கு அனுப்பி வைங்க, அவ வாசல்லயாவது கட்டட்டும் என்றாள். நீயும் இந்த வருஷம் பொங்கல் வைக்கப்போவதில்லை என்று சொல்லியிருந்தாய். அப்படி இருக்காதே ஆத்தா, கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்கு இந்தத் துக்கம் சேராது, அதுதான் நம் வழக்கம். கூரியர் கடை பொங்கல் முடிந்துதான் திறக்கும், உன் கைக்கு வரும்போது ஆவாரம்பூ சருகாகியிருக்கும், பூளை அப்படியே இருக்கும், நாள் தப்பிவிட்டதே என்று பார்க்காமல் கட்டு. எறும்பையெல்லாம் தட்டித்தான் வைத்திருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூட அனுப்பாதே. நிலை உயரமாக இருந்தால் திரிஷாவைத் தூக்கிப் பிடி, அவள் சொருகட்டும். சொருகியதும் உன் அம்மாவுக்குப் போன் போட்டு, எட்டிருச்சும்மா என்று மட்டும் சொல்லு.

உன் அப்பா,
தங்கப்பாண்டியன்