பிரார்த்தனைக்குச் சம்மதம்

விஷ்ராந்த்வாடி, புனே
8.7.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

தேன்மொழி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கடக்கி பாக்டரியை விட்டு ஆவடிக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து நீங்கள் மெஸ் சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறீர்கள், உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை என்று அம்மாவுக்குக் குறை. இங்கே விடாத மழை. யூனிபார்ம் காயவே மாட்டேன் என்கிறது.

எங்கள் அரசுப் பள்ளிக்குப் புது பிரின்சிபால் வந்திருக்கிறார். காலைப் பிரார்த்தனைக்கு வராமல் வராந்தாவில் நிற்பவர்கள் விலக்குக் கேட்டு வீட்டிலிருந்து புதிதாகக் கடிதம் கொண்டுவர வேண்டுமாம். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே நிற்பது நானும் ஷபானாவும்தான்.

அப்பா, இந்த முறை எனக்குக் கடிதம் வேண்டாம். நானும் வரிசையில் நின்று கும்பிட ஆசைப்படுகிறேன். அம்மா பாக்டரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது மனதுக்குள் தொடங்கியது. இன்னும் விடவில்லை. கோபிக்காதீர்கள்.

உங்கள் மகள்,
தேனு

ஆவடி
16.7.1998

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நலம். கோபம் இல்லை என்று எழுதினால் பொய்.

உன்னைச் சேர்த்த அன்று பழைய பிரின்சிபால், "சாமி இல்லையென்றால் பிள்ளைக்கு ஒழுக்கம் எப்படி வரும்?" என்று கேட்டார். "எனக்கு வந்த மாதிரிதான்" என்றேன். ஒரு தொழிலாளி அப்படிச் சொல்லிவிட்டு வருவது லேசான காரியமில்லை.

அம்மா பிழைத்தது டாக்டர் பத்மநாபனால். பயத்தில் பிடித்துக்கொண்டதை இனி விட்டுவிடலாம். கடிதம் இணைத்திருக்கிறேன். கொடுத்துவிடு.

அப்பா,
மாடசாமி

புனே
27.7.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைக் கொடுக்கவில்லை. வரிசையில் போய் நின்றேன். பிரின்சிபால் மைக்கிலேயே, "ஷாபாஷ்! தேன்மொழிக்குப் புத்தி வந்துவிட்டது. ஷபானாவுக்கு எப்போது வரும்?" என்றார். எல்லோரும் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிரார்த்தனை முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். "எனக்கு இஷ்டம், வந்தேன் சார். அவளுக்கு இஷ்டமில்லை, வரவில்லை. இதில் புத்தி எங்கே வந்தது?" என்றேன். "உன் அப்பா இதற்குச் சம்மதித்தாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் நீயும் வராந்தாவுக்குப் போ" என்றார்.

ஷபானா இனி பிரார்த்தனைக்கு வராவிட்டால் டி.சி.யாம். ரிக்‌ஷா ஓட்டும் அவள் அப்பா, வம்பு வேண்டாம், போய் நில் என்கிறார். அவள் அழுகிறாள்.

அவள் அப்பாவுக்கு நீங்கள் எழுதுங்கள் அப்பா. எனக்கும் ஒரு சம்மதக் கடிதம்.

தேனு

ஆவடி
5.8.1998

அன்பு மகளுக்கு,

ஷபானாவின் அப்பாவுக்கு எழுதிவிட்டேன். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் யாரையும் வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அதை இந்தியில் எழுதிக்கொண்டு அவரோடு பிரின்சிபாலைப் பார்க்கும்படி கடக்கி பாக்டரி சங்கத்து ரங்கராஜனிடம் சொல்லியிருக்கிறேன். டி.சி. பேச்சு மறுபடி வந்தால் நானே கிளம்பி வருகிறேன்.

இனி உன் விஷயம். வயது வராத பிள்ளை கும்பிடப் பெற்றவர் சம்மதம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. மெஸ்ஸில் உட்கார்ந்து சம்மதம் எழுதினேன். கூட வேலை செய்யும் பாஸ்கர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கறுப்புச் சட்டை கும்பிடச் சொல்லி எழுதுதா?" என்று சிரித்தான். "எழுதுறவன் கும்பிடல. கும்பிடுறவ என் மக" என்றேன். கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

சாமி இல்லை என்பதில் எனக்கு மாற்றமில்லை. லீவில் வரும்போது சண்டை போடுவோம்.

அப்பா

புனே
14.8.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

ரங்கராஜன் மாமா வந்து பேசிய பிறகு டி.சி. பேச்சு இல்லை. நீங்கள் அனுப்பிய சம்மதத்தைக் கொடுத்துவிட்டு இன்று வரிசையில் நின்றேன். ஷபானா வராந்தாவில் நின்றாள். பிரின்சிபால் எங்கள் இரண்டு பேரையுமே பார்க்கவில்லை.

வகுப்புக்குப் போகும்போது, "என்ன வேண்டிக்கிட்டே?" என்று ஷபானா கேட்டாள். கணக்குப் பரீட்சை என்றேன்.

உண்மையில் உங்கள் உடம்புக்காக. பிடிக்காவிட்டால் திட்டி எழுதுங்கள். அப்போதாவது உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

தேனு